கொல்லைக் குளம்

பிப்ரவரி 3, திங்கள்
குழி முடிந்தது. பன்னிரண்டடி நீளம், எட்டடி அகலம், நடுவில் இரண்டரை அடி ஆழம். பங்களாக்காரர் கொல்லையில் அல்லி பூக்க வேண்டுமாம், அதன் கீழே மீன் திரிய வேண்டுமாம், அவர் நாற்காலி போட்டுப் பார்க்க வேண்டுமாம். எங்கள் தெருக் குழாயில் அக்கா இன்றும் நாலு குடத்தோடு இரண்டு மணி நேரம் நின்றாள். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கிறவனுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்?

மாமாவுக்குக் கோபமே வராது. அக்காவைக் கட்டிய நாள் முதல் அவர் கையில் கொத்துக் கரண்டி. அந்தக் கரண்டியில்தான் எனக்கும் சோறு. அவருக்குப் பூச்சு வேலை, எனக்குக் குழாயும் மோட்டாரும்.

பிப்ரவரி 13, வியாழன்
பூச்சு காய்ந்து தண்ணீர் விட்டோம். மாமா விரலை நனைத்து நாக்கில் வைத்துத் துப்பினார்.

"சிமென்ட் காரம் இறங்குதுங்க. ஊறப் போட்டு இறைக்கணும். மூணு தடவை. மூணு வாரம் கழிச்சு மீன் விடலாம்."

"ஞாயித்துக்கிழமை ஆளுங்க வராங்க. வெறுங்குளத்தைக் காட்டவா?" என்றார் பங்களாக்காரர்.

"மீன் செத்துடும்ங்க."

"நீ கொத்தனாரா, மீன் டாக்டரா?"

ஜன்னலில் சமையல்கார அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சட்டென்று திரும்பிக்கொண்டார். எந்நேரமும் தண்ணீரில் கிடப்பதால் எனக்கு அவர் வைத்த பேர் தவளை. "ஏய் தவளை, டீ ஆறுது, கரையேறு."

பிப்ரவரி 15, சனி
நாங்கள் இல்லாத நேரத்தில் பங்களாக்காரர் நாற்பது மீன் விட்டுவிட்டார்.

பிப்ரவரி 16, ஞாயிறு
வாயில் இன்னும் ரத்தம் கசிகிறது. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

நாலு மணிக்கு ஆள் அனுப்பினார். போனோம். குளத்தைச் சுற்றி விருந்தாளிகள். தண்ணீர் முழுக்க மீன்கள் விலாவைக் காட்டி மிதக்கின்றன, இரண்டு மூன்று இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.

"என்னத்தடா கலந்தே?"

"நான் அன்னிக்கே சொன்னேனுங்களே, மூணு வாரம்..."

மீன் செத்ததற்காக அடிக்கவில்லை. முன்பே சொன்னோம் என்பது விருந்தாளிகள் காதில் விழுந்துவிட்டது. அதற்காகத்தான் அடித்தார். மண்வெட்டிக் காம்பு. முதல் அடி முதுகில். இரண்டாவது தலைக்கு வந்தது, மாமா வலக்கையைத் தூக்கினார். அந்தச் சத்தத்தை எழுத மாட்டேன். குளத்தில் விழுந்தார், செத்த மீனுக்கு நடுவில். மேலும் இரண்டு விழுந்தது, தண்ணீரோடு சேர்த்து.

நான் பாய்ந்தேன். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள், ஒருவர் கையில் கேக் தட்டு அப்படியே இருந்தது. பங்களாக்காரர் திரும்பி என் வாயில் குத்தினார். ஒரு பல் இல்லை. யாரும் தடுக்கல. ஒருத்தன்கூட.

பிப்ரவரி 17, திங்கள்
ஸ்டேஷனில் கேட்ட முதல் கேள்வி: "மீன் எத்தனை செத்துச்சு?"

மாமாவின் மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிவு. இனிக் கரண்டி பிடிப்பது சந்தேகம் என்றார் டாக்டர். மாமா இடக்கையால் சட்டைப் பொத்தான் போடப் பழகிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 18, செவ்வாய்
கொல்லணும்.

மார்ச் 11, செவ்வாய்
மிச்ச வேலையை முடிக்காவிட்டால் பங்களாக்காரர் மீனுக்கு விஷம் வைத்ததாகப் புகார் கொடுப்பாராம். "போயிட்டு வாடா. ஒரு கை போனது போதும்" என்றாள் அக்கா. போனேன். மூன்று வாரம் முடிய, மூன்றாவது முறையும் இறைத்து நிரப்பினேன். களிமண் தொட்டிகளில் அல்லிக் கிழங்கை ஊன்றி, மண் கரையாமல் மேலே கூழாங்கல் பரப்பி, உள்ளே இறக்கினேன். மோட்டார் மாட்டினேன். புது மீன் பிழைத்துக்கொண்டது. மாமா சொன்ன கணக்கு ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

காலை ஏழு மணிக்குப் பங்களாக்காரரே சுவிட்ச் போடுகிறார். குளத்துப் படியில் குந்தி, தண்ணீருக்குள் கையை விட்டுத் தீனி போடுகிறார். மீன்கள் விரலைக் கொத்துகின்றன. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 14, வெள்ளி
செய்துவிட்டேன். மோட்டார் ஒயரில் தண்ணீருக்குள் ஒரு ஜாயின்ட் இருக்கிறது. சுற்றியிருந்த டேப்பைப் பிரித்துவிட்டேன், அவ்வளவுதான். நாளைக் காலை ஏழு மணி. சாப்பிட்டேன். சோறு நன்றாகவே இறங்கியது. வெட்கமா? இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

மார்ச் 15, சனி
ஆறரைக்கு அக்கா காபியை வைத்துக்கொண்டே சொன்னாள்: "நேத்து சமையக்காரம்மா மாமாவைப் பாக்க வந்துச்சு. அந்த ஆளு நாலு நாள் வெளியூராம். சுவிட்ச் போடுறதும், குளத்துல இறங்கி இலை அள்றதும் இனிமே அது தலையிலதானாம்."

ஓடினேன். செருப்பு எங்கே போயிற்று என்று தெரியாது. பின்பக்கச் சுவரில் ஏறிக் குதித்தேன். மோட்டார் ஓடும் சத்தம். அவர் சேலையைத் தூக்கிச் செருகி, கையில் வலைக்கரண்டியோடு, தண்ணீர்ப் படியில் வைக்க ஒரு காலைத் தூக்கியிருந்தார்.

"இறங்காதீங்க! அம்மா, இறங்காதீங்க!"

பிளக்கைப் பிடுங்கினேன். அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை.

கன்னத்தில் விழுந்தது. திரும்பவும். மூன்றாவது அடியில் காது அடைத்தது. வலைக்கரண்டிக் கம்பியாலும் அடித்தார், கை ஓயும்வரை. பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவன் கை என்ன, என் காலு என்னடா? தண்ணிக்குத் தெரியுமா? எனக்கு ரெண்டு புள்ளைங்க."

ஜாயின்ட்டைச் சரிசெய்து, டேப் சுற்றி, அதன்மேல் இன்னொரு தடவை சுற்றினேன். அவர் போய்ப் பிளக்கை மாட்டிச் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து நின்றார்.

"முதல்ல நீ இறங்கு."

இறங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. மீன்கள் என் காலைக் கொத்தின.

மார்ச் 16, ஞாயிறு
அந்த அம்மா யாரிடமும் சொல்ல மாட்டாராம். "சொன்னா உன் மாமாவோட இன்னொரு கையும் போகும். அதுக்காகத்தான். உனக்காகன்னு நெனச்சிக்காதே." ஆனால் தினமும் காலையில் நான் வர வேண்டும். சுவிட்ச் போட்டதும் நான் இறங்க வேண்டும், பிறகுதான் அவர் இறங்குவார். தவளை என்று கூப்பிடவில்லை. பேர் எதுவும் சொல்லவில்லை.

மார்ச் 29, சனி
போனேன். இறங்கினேன். வந்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு
முதல் அல்லி விரிந்திருக்கிறது, வெள்ளை. நேற்றிரவு தங்கிய விருந்தாளி ஒருவர் காபிக் கோப்பையோடு கொல்லைக்கு வந்தார். "யாரு இந்தப் பையன்? தினம் வரானா?"

பங்களாக்காரர் நாற்காலியில் சாய்ந்தபடி சொன்னார்: "அன்னிக்கு ரெண்டு போட்டேன்ல, அதுக்கப்புறம் பாருங்க, கூப்பிடாமலே வந்து நிக்கறான். இவனுங்களுக்கு அது ஒண்ணுதான் புரியும்."

விருந்தாளி தலையாட்டினார். நான் வாயைத் திறந்தேன். சமையலறை வாசலிலிருந்து அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுவிட்ச் போட்டாச்சு" என்றார்.

கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினேன். முழங்கால்வரை தண்ணீர், நல்ல குளிர்ச்சி. அந்த அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு வலைக்கரண்டியை எடுத்துக்கொண்டு எனக்குப் பின்னால் இறங்கினார்.