ஆடும் கல்

வியாழன், பௌர்ணமிக்கு மறுநாள். இரவு.

இன்று பள்ளிவாசல் பக்கத்துச் சந்துக்குத் திறப்பு விழா. நகராட்சியும் நான் வேலை பார்க்கும் அறக்கட்டளையும் சேர்ந்து சாக்கடையை மூடி, மேடு பள்ளமில்லாமல் சிமென்ட் கல் பதித்து, விளக்கும் போட்டாயிற்று.

கைதட்டல் அடங்குவதற்குள் காதர் பாய் தொழுகை முடிந்து வந்தார். அவருக்குக் கண் தெரியாது. ஆனாலும் பள்ளிவாசலுக்குத் தனியாகத்தான் போவார், வருவார். வேலை நடந்த நாட்களில் மட்டும் யாராவது கூட்டிப் போனார்கள்; இன்றுதான் மறுபடி தனியாக. தடியைத் தட்டிக்கொண்டே விறுவிறுவென்று நடந்தவர் தன் வீட்டைத் தாண்டிப் போனார். சந்துக் கோடியில் சுவர் முட்டியதும்தான் நின்றார்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"யாரும்மா? இது எந்தத் தெரு?"

"உங்க தெருதான் பாய்."

"எங்க வீட்டாண்ட சாக்கடை மேல ஒரு கல்லு ஆடுமே. தட்டுனா டொக்குனு கேக்கும். அது எங்கம்மா?"

வயதானவர்கள் தடுக்கி விழக்கூடாதென்று அதை எடுக்கச் சொன்னவளே நான்தான்.

வாசலில் அவர் மருமகள், "இனிமே இவர தனியா அனுப்ப மாட்டேங்க, பயமா இருக்கு" என்றாள். பாய் படியில் உட்கார்ந்து புதுக்கல்லைக் காலால் தடவிக்கொண்டே இருந்தார்.

அங்கே மட்டும் ஒரு கல்லைக் கொஞ்சம் தூக்கி வைக்க முடியுமா என்று நகராட்சிப் பொறியாளரைக் கேட்டேன்.

"மட்டம் கெட்டுடும் மேடம்."

தூக்கம் வராமல் எழுந்து எழுதுகிறேன். கண்ணை மூடினால் தடிச் சத்தம் கேட்கிறது. எல்லாக் கல்லிலும் ஒரே சத்தம். எந்த வாசலிலும் அது நிற்பதில்லை.