இறக்கி ஏற்றும் சுவர்

அண்ணன்,

என் வலது கைப் பெருவிரல் நகம் கறுத்துப் போயிருக்கிறது. நேற்று முன்தினம் கல்லுக்கு அடியில் அகப்பட்டது. இன்று காலை தேங்காய் துருவ உட்கார்ந்தபோதுதான் அதன் நிறம் கண்ணில் பட்டது. உங்களைப் பெட்டியில் கிடத்தி, விரல்களில் செபமாலையைச் சுற்றி வைத்திருந்தபோது உங்கள் பெருவிரல் நகமும் இதே நிறத்தில்தான் இருந்தது. அன்றே கவனித்தேன். எங்கேயாவது கதவில் நசித்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்துவிட்டு, வந்தவர்களுக்குக் கோப்பி கொடுக்கப் போய்விட்டேன்.

இந்தக் கடிதம் சுவரைப் பற்றியது. உங்களுக்கும் எனக்கும் இடையில் கடைசியில் வேறு எது இருந்தது?

நம் குடும்பக் கதையை அப்பா சொன்ன விதம் ஒன்று, நீங்கள் சொன்ன விதம் இன்னொன்று. அப்பாவின் கதையில் அவருடைய பூட்டன் அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்த பெரிய துரை. உங்கள் கதையில் அவர், உருளைக்கிழங்கு நிலத்திலேயே அழுகிப்போய்க் குத்தகை கொடுக்க வழியில்லாமல், நிலக்காரன் கூரையைப் பிரித்து வெளியே தள்ளிய ஒருவனின் மகன். "பட்டினி கிடந்து வந்தவன் என்ன துரை?" என்பீர்கள். வாவிக்கரையில் ஒரு தென்னந்தோட்டத்தில் கங்காணிக்கு மேலே, துரைக்குக் கீழே அவருக்கு வேலை. அந்தத் துரையோடு சண்டை பிடித்துக்கொண்டு வெளியே வந்து, இந்த ஊர்ப் பெண் ஒருத்தியைக் கட்டி, இன்றைய உன்னிச்சைக் குளத்துக்குக் கிழக்கே காடு வெட்டி வயல் செய்தார். அதுவரை அந்தக் காட்டில் தேன் எடுத்தவர்களும் மாடு விட்டவர்களும் எங்கே போனார்கள் என்று நீங்கள் ஒருமுறை கேட்டீர்கள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

காடு வெட்டியவர் அதோடு நின்றிருக்கலாம். ஊரில் எல்லோரும் மண்ணை அணைத்து வரம்பு கட்ட, இவர் தன் நாட்டு வழக்கப்படி கல்லைப் பொறுக்கி, சாந்து இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, வயலைச் சுற்றி இடுப்பளவுக்குச் சுவர் எழுப்பினார். ஆள் ஒருச்சாய்ந்து நுழைய ஓர் இடுக்கு மட்டும் விட்டார். அந்த வயல்வெளி வட்டை முழுக்கச் சிரித்தது. கல்லுத்துரை என்று பெயரும் வைத்தது. அந்த மாரியில் அடித்து வந்த சருகும் சேறும் கல்லிடுக்குகளை அடைக்க, வெள்ளம் வடிய வழியில்லாமல் நின்ற நெல் வேளாண்மை முழுவதும் அழுகிப்போனது. ஆனைகள் மட்டும் அதைத் தாண்டிப் போய் வந்தன.

மனிதர் சுவரைக் கைவிடவில்லை. அவருடைய நாட்டில் இப்படிப்பட்ட சுவர்களுக்குப் படலை, கதவு எதுவுமே கிடையாதாம். மாட்டை உள்ளே விட வேண்டுமானால் ஒரு பக்கத்துக் கல்லை இறக்குவார்கள், மாடு போனதும் திரும்ப ஏற்றுவார்கள். அதையே இங்கே வெள்ளத்துக்குச் செய்தார். மாரிக்கு முன் இறக்கினார், மழை விட்டதும் ஏற்றினார். பிறகு அப்பா அடியில் மதகு வைத்ததும் அந்த வேலை நின்றுபோனது.

எனக்குக் கலியாணம் ஆனபோது, பெண்பிள்ளைக்குக் காணி கொடுக்கும் இந்தப் பக்கத்து முறைப்படி, சுவருக்கு உட்பட்ட பழைய வயல் எனக்குச் சீதனமாக வந்தது. வெளியே பிறகு வெட்டிய துண்டு உங்களுக்கு. ஆனால் சுவர் மட்டும் மூத்தவன் பொறுப்பு என்று அப்பா சொல்லிவிட்டார். வயல் எனக்கு, சுவர் உங்களுக்கு! இப்படி ஒரு பாகப்பிரிவினையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

நான் பட்டணத்துக்கு வந்துவிட்டேன். கலியாணமே வேண்டாம் என்று நீங்கள் அங்கேயே இருந்தீர்கள். செங்கலடிச் சந்தையில் உங்கள் செம்பட்டைத் தலையைப் பார்த்து "வாங்க துரை" என்பார்கள். அது உங்களுக்குப் பிடிக்காது, ஆனாலும் அதே கடைக்குத்தான் போவீர்கள். சண்டைக் காலத்தில் ஊர் முழுக்க எழும்பி ஓடி, பல வருடம் கழித்துக் கிறுகித் திரும்பி வந்தபோது முதலில் போனவர்களில் நீங்களும் ஒருவர். எல்லாருடைய வரம்பையும் காடு தின்றிருந்தது, நம்முடைய எல்லை மட்டும் தெரிந்தது என்று சொன்னீர்கள். அப்போது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன், என் வீட்டு விறாந்தையில், சுவரை இடிக்கச் சொன்னேன். அரிவாளால் வெட்ட ஆள் கிடைப்பதில்லை, நெல் கதிரிலேயே கொட்டுண்டு போகிறது, வெட்டு மெசின் உள்ளே போக எட்டு முழம் வழி வேண்டும் என்று எல்லாம் அடுக்கினேன். நீங்கள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தீர்கள்.

"இடிக்க விடமாட்டன் புள்ள. இறக்கி ஏத்தலாம்."

முதல் பாதிதான் என் காதில் விழுந்தது. "அந்தக் கல்லுக்கு நீங்க என்ன காவல் நாயா?" என்றேன். கொட்டின சொல்லை அள்ள முடியுமா? குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தீர்கள்.

பிறகு நாம் பேசவில்லை. மார்கழியில் இயேசு பிறந்த நத்தார்ப் பூசை முடிந்து, முதலில் நீங்களே வந்து பேசட்டும் என்று நான் கோயிலின் முன்வாசலில் நின்றேன். நீங்கள் பக்கவாசலால் போனீர்கள். ஆனால் மாசி தோறும் என் வயல் நெல் ஒழுங்காக வந்து சேர்ந்தது. வயலைச் செய்கிற சாமித்தம்பி எங்கேயோ ஆள் பிடித்து வெட்டுவிக்கிறான் என்று நினைத்தேன், விசாரிக்கவில்லை. போன சித்திரையில் நித்திரையிலேயே போய்விட்டீர்கள். இருதயம் என்றார்கள்.

இந்த மாசியில் சாமித்தம்பி எனக்குப் போன் எடுத்தான். வெள்ளிக்கிழமை மெசின் வருகிறது, கல் இறக்க ஆள் அனுப்புவீர்களா என்று கேட்டான். என்ன கல் என்றேன்.

"மூணு வருசமா அண்ணன்தானே தனிய இறக்கினவர், அக்கா. மெசின் போன மறுகா அவரே அடுக்குவார். என்னைத் தொட விடமாட்டார். உங்களுக்குச் சொல்லப்படாது எண்டுட்டார்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகை பிறகுதான் வந்தது, அதுவும் கொஞ்சம்தான். எழுபது வயதில், என் வயலுக்காக, என்னோடு பேசாமலே எட்டு முழச் சுவரை வருடா வருடம் இறக்கி ஏற்றியிருக்கிறீர்கள். உங்கள் துண்டுக்கு அந்த வேலை தேவையே இல்லை. உங்கள் இருதயத்தைக் கல்தான் கெடுத்தது என்று நான் சொல்லமாட்டேன். கெடுக்கவில்லை என்று எனக்குச் சொல்லவும் ஆள் இல்லை.

ஆள் அனுப்பாமல் நானே போனேன். நீங்கள் செய்த ஒழுங்கைச் சாமித்தம்பி காட்டித் தந்தான். முதலில் இறங்கும் மேல்கல் தூரத்தில், கடைசியில் இறங்கும் அடிக்கல் கிட்டத்தில், எல்லாம் வரிசையாக. மெசின் வந்து மத்தியானத்துக்குள் வெட்டி முடித்துப் போய்விட்டது.

"இனி ஆர் கேக்கப்போறாங்க அக்கா? இப்பிடியே விடுங்க" என்றான்.

உண்மைதான். சண்டை பிடித்து நான் கேட்ட வழி அங்கே திறந்து கிடந்தது. சுவரும் இப்போது என் பொறுப்புத்தான். அப்படியே விட்டால் நான் வென்றதாகிவிடும். உங்களை அந்த விதமாக வெல்ல எனக்கு விருப்பம் வரவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு குனிந்தேன். சாமித்தம்பி தலையில் அடித்துக்கொண்டு மறுபக்கம் பிடித்தான். மூன்றாவது வரிசையில்தான் விரல் அகப்பட்டது. பொழுது சாய்வதற்குள் ஒருவாறு அடுக்கி முடித்தோம். நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள், நடுவில் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கிறது.

கறுத்த நகம் வளர்ந்து உதிர ஆறு மாதம் ஆகும் என்று மருந்துக் கடைக்காரர் சொன்னார். அடுத்த மாசிக்கு முன் என்னுடையது வெளுத்துவிடும். உங்களுடையது வெளுக்க நாள் கிடைக்கவில்லை.

பஸ் ஏறும்போது சாமித்தம்பி, அடுத்த வேளாண்மைக்கு யாரை அனுப்புவீர்கள் என்று கேட்டான்.

"ஒருத்தரையும் அனுப்பமாட்டன். நான் வாறன்" என்றேன்.