தம்பி போட்ட ஓட்டு

வெள்ளிக்கிழமை இரவு, ஷார்ஜா

"சார், நீங்க எத்தனை எலெக்‌ஷன்ல ஓட்டு போட்டிருக்கீங்க?" நான் ஓய்வு பெற்ற வருடம் குடிமையியல் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். ஒன்றில்கூட இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். இங்கே ஆசிரியர்களுக்கு லீவு ஜூலையில். ஊரில் தேர்தல் பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துவிடும்.

இன்று மாலை லண்டனிலிருந்து தம்பி சேகர் பேசினான். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகலாமா என்று அந்த நாடு மக்களைக் கேட்டபோது, காமன்வெல்த் நாட்டவர் என்பதால் அங்கே குடியிருந்த இந்தியர்களுக்கும் ஓட்டு இருந்தது. விலகலாம் என்று போட்டவன் இவன். இப்போது, அந்த நாட்டுக் குடிமகளான அவன் மகளுக்கு ஜெர்மனியில் கிடைத்த வேலை, விலகலுக்குப் பின் தேவைப்படும் விசா இல்லாமல் கைநழுவிவிட்டது.

"'எல்லாம் உங்களாலதாம்ப்பா'ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா, அண்ணே. ஒரு வாரமா பேச்சே இல்ல. என் ஒத்த ஓட்டா நாட்டையே கவுத்துச்சு?"

"பின்ன, நானா கவுத்தேன்? பெரிய துரை! போட்டேல்ல, அனுபவி."

போனை வைத்துவிட்டான்.

ஆறுதல் தேடி வந்தவனை ஏன் அப்படிக் குத்தினேன்? வகுப்புத் தலைவன் சரியில்லை என்றால் பிள்ளைகள் அவனுக்குக் கை தூக்கியவர்களைத்தான் திட்டுவார்கள். அன்று வகுப்புக்கு வராதவனை யாரும் திட்டுவதில்லை. நான் அந்த வராதவன். இங்கேயும் விருந்தாளி, ஊரிலும் விருந்தாளி. சேகரிடம் ஒரு நாடு அபிப்பிராயம் கேட்டிருக்கிறது. உன்னால்தான் என்று சொல்ல அவனுக்கு ஆள் இருக்கிறது. எனக்குப் பொறாமை, அவ்வளவுதான்.

காலையில் அவனைக் கூப்பிடு. ஏன் அப்படிப் போட்டாய் என்று கேள். அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதே.