செஞ்சிப் பாறையில் உன் அக்கா

மரக்காணம்,
ஞாயிற்றுக்கிழமை.

பிரபாகரனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நன்றாகத்தான் இருக்கிறேன், நீயும் தோஹாவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இரு. போனில் பேசினால் பாதியிலேயே கட் பண்ணிவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், இதையாவது முழுசாகப் படி.

நான் வரைந்து கூடத்தில் மாட்டிய உன் அக்கா படத்தை உன் பெரியப்பா சிவப்பிரகாசம் போட்டோ எடுத்து அனுப்பினாராம், நீ உடனே, நான் லீவுல வர்றதுக்குள்ள அதைக் கழட்டி அடுப்புல போடச் சொல்லுங்க என்றாயாம். அதை என்னிடம் நேராகச் சொல்ல உனக்கு வாய் இல்லையா? உன் அக்கா யுவராணி வேறு சாதிக்காரனைக் கட்டிக்கொண்டு செஞ்சிக்குப் போன அன்றைக்கு, அவ செத்துட்டா என்று எல்லோரையும் தலைமுழுக வைத்தவன் நீ. என் தலையிலும் நீதான் குடத்தைக் கவிழ்த்தாய். காதுகுத்தில் எடுத்ததிலிருந்து அவள் போட்டோ ஒன்றுவிடாமல் கிழித்துப் போட்டாய். ஒன்றே ஒன்று விட்டு வைத்திருந்தால் இந்த வயசில் நான் ஏன் பிரஷ்ஷைப் பிடிக்கப் போகிறேன். உப்பளத்தில் வேலை இல்லாத மழை மாசத்தில் இரும்பை கிராமத்துக்குப் போய் சத்யப்ரியா டீச்சரிடம் படம் வரையக் கற்றுக்கொண்டேன். உன் அக்கா இருக்கிற செஞ்சி பாறை ஊராச்சே, அதனால் பாறைதான் முதலில் வரைந்தேன். நம் பக்கம் பாறை ஏது, எல்லாம் உப்புக் குவியலாகவே வந்தது, ஒரே அளவில், கூராக, வரிசையாக. இது யாரும் வாரிக் குவிச்சது இல்லம்மா, தானா கிடக்குறது, முதல்ல நிழலைப் போடுங்க என்று டீச்சர் சொல்லிச் சொல்லித்தான் பாறை பாறையாச்சு. அப்புறம் நடுவில் அவளை நிற்க வைத்தேன். புடவை வந்தது, இடுப்பில் கை வைத்து நிற்கிற அந்தத் திமிரும் வந்தது. முகம் மட்டும் வரவில்லைடா. வரைய வரைய உன் மூஞ்சிதான் வருகிறது, ஆத்திரத்தில் முகத்தை அழித்துவிட்டு அப்படியே மாட்டினேன். ஆளை நேர்ல பார்த்து வரைங்க என்கிறார் டீச்சர்.

படத்தைக் கழற்றிவிட்டேன், சந்தோஷப்படாதே. செஞ்சிக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். அவள் கதவைச் சாத்தினாலும் வாசலில் உட்கார்ந்து, அவள் வெளியே வருகிறபோது பார்த்து வரைவேன்.

உனக்கு நல்ல பெண் அமையட்டும், நோய் நொடி இல்லாமல் இரு, பெற்ற வாய் வேறென்ன சொல்லும். வெயிலில் தலையில் துணி போட்டுக்கொள். நீ வருகிற அன்றைக்கு நான் வீட்டில் இருக்க மாட்டேன், சாவி பக்கத்து வீட்டுக் கலியனிடம் இருக்கும். சுவரில் இருக்கிற ஆணியை மட்டும் பிடுங்கிவிடாதே, வந்து மாட்டணும்.

இப்படிக்கு,
உன்னையும் அவளையும் பெற்ற
ஞானாம்பாள்