போவதற்கு மட்டும் சார்ஜ்

அன்புள்ள என் வாத்தியார் அவர்களுக்கு,

எதிர்க்கரையிலிருந்து உங்கள் மனைவி எழுதுவது. முதலில் மருந்தை எடுத்து நம் வாலுப் பெண்ணுக்கு ஊசி போடுங்கள், கடிதத்தை அப்புறம் படியுங்கள் என்று எழுத வந்தேன். அதைக் கடிதத்துக்குள் எழுதி என்ன பிரயோஜனம்? பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டேன். இந்நேரம் போட்டிருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

வெள்ளத்தில் பாலம் போனதிலிருந்து இங்கே கரண்டும் இல்லை, போனும் இல்லை. அங்கேயும் அப்படித்தான் இருக்கும். உங்கள் அக்கா வீட்டிலிருந்து நீங்கள் இருவரும் திரும்பும் நாள் வரைக்கும்தான் இன்சுலின் வைத்து அனுப்பினேன். அந்த நாள் தாண்டிவிட்டது. நீங்கள் அளவைக் குறைத்துக் குறைத்துப் போட்டு இழுத்துப் பிடித்திருப்பீர்கள். இங்கே மருந்துக் கடையில் இன்சுலின் இருக்கிறது. நிலம் அளக்கிற என் ட்ரோன் வீட்டில் இருக்கிறது. வெள்ளம் ஓடுகிற ஓட்டத்தில் படகு இறக்க மட்டும் யாரும் தயாராக இல்லை. சரி, பறக்கவிடலாம் என்று பார்த்தால் ட்ரோன் பேட்டரி காலி.

நம் காரிலேயே சார்ஜ் செய்யலாம் என்றுதான் முதலில் செருகினேன். டாங்கில் பெட்ரோல் கொஞ்சம்தான் இருந்தது. மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று எஞ்சினை அணைத்துவிட்டுச் சாவியை மட்டும் திருப்பி வைத்தேன். காலையில் பார்த்தால் கார் முக்கவும் இல்லை, முனகவும் இல்லை. ட்ரோன் பேட்டரியும் நிரம்பவில்லை. பக்கத்து ஊரில் போய் ஏற்றி வரலாம் என்ற வழியும் அதோடு அடைத்துக்கொண்டது. என் தலையில் நானே குட்டிக்கொண்டேன், நீங்கள் வந்து வேறு குட்ட வேண்டாம்.

அப்புறம் எதிர்வீட்டு டெய்லரக்காவின் கூரையில் இருக்கும் சோலார் தகடு ஞாபகம் வந்தது. அவள் வீட்டு பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. வெயில் அடித்தால் ஃபேன் ஓடும், இல்லாவிட்டால் இல்லை. தகட்டைக் கழற்றித் தருவாயா என்று கேட்டு முடிப்பதற்குள் ஏணியை எடுத்து வந்துவிட்டாள், மகராசி.

சொன்னால் திட்டுவீர்கள், இந்த அவதியிலும் எனக்கு ஒரு பக்கம் சுவாரசியமாகத்தான் இருந்தது. சார்ஜரை நேராகத் தகட்டில் இணைத்தால் பச்சை விளக்கு எரிகிறது. ஒரு மேகம் வந்தால் போச்சு, அணைந்துவிடுகிறது. வெயில் திரும்பியதும் மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து, தயங்கித் தயங்கி ஆரம்பிக்கிறது. அதற்குள் அடுத்த மேகம். டெய்லரக்கா பார்த்துவிட்டு, "என்னடி இது, என் மாமியார் மாதிரி ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குது" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மேகத்தை நிறுத்த முடியாது, அது சார்ஜருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாமே என்று அப்போதுதான் தோன்றியது. செத்துக் கிடந்த கார் பேட்டரியைக் கழற்றி நடுவில் வைத்தேன். தகடு தன்னால் முடிந்தபோதெல்லாம் கார் பேட்டரிக்குக் கொடுக்கட்டும், விட்டு விட்டுக் கொடுத்தாலும் அது கோபிக்காது. அதில் கொஞ்சம் சேர்ந்த பிறகு சார்ஜர் அதிலிருந்து ஒரே சீராக எடுத்துக்கொள்ளட்டும். வேலை செய்தது! துணி காயப்போடுவது போல் நாங்கள் இருவரும் தகட்டை வெயில் போகும் பக்கமெல்லாம் தூக்கிக்கொண்டு அலைந்தோம். தகட்டை ஈரத்துணியால் துடைத்தால், கரண்ட் எவ்வளவு வருகிறது என்று பார்க்க நான் மாட்டிவைத்த மீட்டரில் முள் கொஞ்சம் ஏறுகிறது. அதைப் பார்த்துவிட்டு அக்கா சும்மா சும்மா துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஆனாலும் வானம் முழுசாக வெளுக்கவில்லை. ட்ரோன் பேட்டரி பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் ஏறியிருக்கிறது. எதிர்க்காற்றில் அங்கே வந்து இறங்க அது போதும், திரும்பி வரப் போதாது. இன்னொரு நல்ல வெயில் வரும்வரை காத்திருந்தால் ட்ரோன் பத்திரமாகத் திரும்பிவிடும். அதுவரை நம் பெண் தாங்குவாளா என்று எனக்குத் தெரியாது. அதனால் இப்போதே அனுப்புகிறேன். உங்கள் அக்கா வீட்டு மொட்டை மாடியைப் போன வருஷம் அளந்தபோது குறித்து வைத்த இடத்திலேயே இறங்கும்.

திரும்ப வர வேண்டுமென்றால் அங்கேதான் சார்ஜ் ஏற்ற வேண்டும். அதற்குச் சார்ஜரையும் அனுப்பியாக வேண்டும். அது இருக்கிற கனத்துக்கு, அதையும் கேமராவையும் சேர்த்து ட்ரோன் தூக்காது. கேமரா இருந்தால் இறங்கும்போது மேலிருந்து ஒரு தடவை அவளைப் பார்த்திருப்பேன். ரொம்ப நேரம் இரண்டையும் மாறி மாறிக் கையில் எடுத்துப் பார்த்தேன், வாத்தியாரே. கடைசியில் கேமராவைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். அடுத்த மருந்துக்கு இது மறுபடி வந்தாக வேண்டுமே.

இனி கவனமாகப் படியுங்கள். பல்பு மாட்டினாலே ஃபியூஸ் போக வைக்கிற ஆள் நீங்கள். பேட்டரி சூடாக இருக்கும், உடனே செருகாதீர்கள், பாலை ஆற வைப்பது போல் ஆற விடுங்கள். உங்கள் அத்தானின் வேனில் சிகரெட் லைட்டர் துளையில் சார்ஜரைச் செருகுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கட்டும், டீசல் போகிறதே என்று அத்தான் முணுமுணுத்தால் என் பெயரைச் சொல்லுங்கள். வண்டி வெளியே நிற்கட்டும், புகை வீட்டுக்குள் வரக் கூடாது. பேட்டரியில் இருக்கும் நாலு விளக்கும் எரிந்ததும் அதை ட்ரோனில் மாட்டி, மாடியில் வைத்து, சுவிட்சைப் போட்டுவிட்டு விலகி நில்லுங்கள். நான் தண்ணீர்த் தொட்டி மேலே ரிமோட்டோடு காத்திருப்பேன். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். சார்ஜரை மறக்காமல் பெட்டியில் திருப்பி வையுங்கள், என்னிடம் வேறு இல்லை.

டெய்லரக்கா உங்கள் இருவரையும் விசாரிக்கச் சொன்னாள். அவள் ஃபேன் இல்லாமல் தைக்கிறாள், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பதில் கடிதம் நீங்கள் எழுத வேண்டாம். நம் பெண்ணுக்கு நூற்று மூன்று காய்ச்சல் அடித்தபோதும் "எல்லாம் சுகம்" என்று எழுதியவர் நீங்கள். பெட்டிக்குள் அவள் கையால் எழுதியது வரட்டும். எழுத முடியாவிட்டால் ஒரு கோடு போதும். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, நீங்கள் மட்டும் அவள் கையைப் பிடித்துப் போட்டுவிடாதீர்கள். எனக்குத் தெரிந்துவிடும்.

இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

தொட்டியின் மேல் நின்றுகொண்டிருக்கும்,
உங்கள் மனைவி