அடுத்த மாதம் திரும்பும் மிஷின்

சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நானும் அக்கா வீட்டாரும் சௌக்கியம், அப்பாவைப் பற்றி அதே வார்த்தையை எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லத் தொடங்கினால் நான் அழுதுவிடுகிறேன், நீ பதறுகிறாய், விஷயம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அக்கா வீட்டுக்காரர் நாளை உன் பக்கம் வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் கம்பெனி மூச்சு மிஷினை விற்பதில்லை, வாடகைக்குத்தான் விடுகிறது என்பது உனக்குத் தெரியும். எந்த வீட்டில் இருந்தாலும் எவ்வளவு நேரம் ஓடியது, எது தேய்ந்தது என்று ஒவ்வொரு மிஷினும் தானாகவே இங்கே சேதி அனுப்பிவிடும். திரும்பி வந்ததும் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்தால் எதை மாற்ற வேண்டும், எது இன்னும் உழைக்கும் என்று திரை சொல்லும், நாங்கள் பிரித்துக் கழுவி, தேய்ந்ததை மாற்றி அடுத்த வீட்டுக்கு அனுப்புவோம், ஒரு திருகாணியைக்கூட வீணாக்க விடமாட்டார்கள். நல்ல காரியம்தான், புது மிஷின் விலைக்கு நாம் எங்கே போவது. உன் கம்பெனியில மிஷினுக்கெல்லாம் மறுபிறவி இருக்கு, எனக்குத்தான் ஸ்பேர் கிடைக்கலேன்னு அப்பா கிண்டல் செய்வார். சிரித்து முடிப்பதற்குள் இருமல் வந்துவிடும்.

அப்பாவுக்காக நாம் எடுத்து வைத்திருக்கும் மிஷினை ராத்திரி மட்டும் போட்டுக்கொள்கிறேன் என்றுதான் உன்னிடமும் என்னிடமும் சொல்கிறார். போன வாரம் கண்காணிப்பு அறையில் இருக்கும் பெண் என்னைக் கூப்பிட்டு, அக்கா, உங்க வீட்டு மிஷின் பகலெல்லாம் ஓடிக்கிட்டே இருக்கு, காத்தையும் கூட்டி வெச்சிருக்காங்க, ஃபில்டர் மாத்த ஆள் அனுப்பட்டுமான்னு கேட்டாள். நான் அதோடு விட்டிருக்கலாம். எந்த மிஷின் எப்போது திரும்பும் என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே கணித்து வைக்கும், ஸ்பேர் வாங்கவும் அடுத்த வீட்டுக்கு ஒதுக்கவும் அது வேண்டும். ஓடுகிற விதத்தை வைத்தே கணிக்கும், உடம்பு தேறினவர்கள் வீட்டு மிஷின் ஓட்டம் குறைந்துகொண்டே வந்து நிற்கும், மற்றவர்கள் வீட்டில் கூடிக்கொண்டே போய் ஒருநாள் நின்றுவிடும். நம்முடையது எப்போது என்று கேட்டேன். வேணாம்க்கா, அது சும்மா ஒரு கணக்குதான் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் விடவில்லை. அடுத்த மாதம் என்றாள். அதற்கு ஒரு வீட்டையும் ஒதுக்கியாகிவிட்டதாம், பாவம், அவர்களும் மூச்சுக்குத்தானே காத்திருக்கிறார்கள், யாரை நோவது. பாழாய்ப்போன கணக்கு பொய்யாகட்டும் என்று நான் வேண்டாத தெய்வமில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் அது பெரிதாகத் தப்பி நான் பார்த்ததில்லை. டாக்டரைக் கேட்டால் பார்ப்போம், பார்ப்போம் என்கிறார்.

லீவு தருவார்களா, டிக்கெட் கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருக்காதே, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வா. நான் எழுதினேன் என்று அப்பாவிடம் வாயைத் திறக்காதே. நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல் நூறாண்டு வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. வந்ததும் கதவைத் தட்டாதே, வாசலில் நின்று அப்பா என்று கூப்பிடவும் கூப்பிடாதே, சாவியைப் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள். யாராவது வரும் சத்தம் கேட்டால் போதும், மூக்குக் குழாயைக் கழற்றித் தலையணைக்கு அடியில் திணித்துவிட்டு எழுந்து உட்கார்ந்து சிரிக்கிறார். வந்தவர் போகும்வரை, உதடு நீலமாகும்வரை சிரிக்கிறார்.

இப்படிக்கு,
உன் வழி பார்த்திருக்கும் அம்மா