சிவப்புப் பசையில் உன் விரல்

என் சாந்தாவுக்கு,

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது. தென்காசித் தெருவில் வெயிலும் தூறலும் மாறி மாறி வருகின்றன. நம் மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் நின்று பார்த்தால் மலை இருக்கும் இடத்தில் மேகம்தான் தெரிகிறது. உனக்குச் சொல்ல எவ்வளவோ சேர்ந்து கிடக்கிறது. எதை முதலில் சொல்ல?

உன் கார் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். நீ போன பிறகு அது தார்ப்பாய்க்குள்ளேயே கிடந்தது. ஆலங்குளம் பள்ளிக்கூடத்துக்கு நீ தினமும் ஓட்டிப்போன வண்டி. நான் லைசென்ஸ் வாங்கியும் ஓட்டாதவன். நீ ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரித்துத் தருவதே எனக்குப் போதுமாக இருந்தது. “பழைய வண்டி, யாருக்காவது குடுத்துருங்க அண்ணாச்சி” என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். சரி சரி என்று தலையாட்டிவிட்டுத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன்.

அப்புறம் ஒரு நாள் வாசுதேவநல்லூரிலிருந்து உன் அம்மா போன் செய்தார்கள்.

“மாப்ளே, அங்கன சாரல் விழுந்துட்டாமே?”

அவ்வளவுதான் கேட்டார்கள். வருடா வருடம் சாரலுக்கு நீ போய் அவர்களைக் கூட்டிவந்து ஐந்தருவியில் குளிக்க வைப்பாய். இந்த வருடம் என்ன என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது ஏதாவது சொல்லியிருப்பேன். “ஆமா அத்தே” என்றேன். போனை வைக்க மனசு வரவில்லை.

மறுநாள் பேட்டரி மாற்றி வண்டியைக் கிளப்பினேன். கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் பானெட்டுக்குள்ளிருந்து புகை. எண்ணெய் கருகும் வாடை. பயந்துபோய் அணைத்துவிட்டு உன் தம்பி முருகையாவைக் கூப்பிட்டேன். பட்டாளத்தில் வண்டிப் பட்டறையிலேயே காலம் முழுக்க வேலை பார்த்தவன் அல்லவா. புளியறையில் நடத்துகிற சாப்பாட்டுக் கடையைப் பெண்டாட்டியிடம் விட்டுவிட்டு பைக்கில் வந்து சேர்ந்தான். உள்ளே குனிந்து பார்த்தவன் நிமிரும்போது முகம் சரியில்லை.

“மேல் மூடியில ஒழுகுது அத்தான். ஆயில் நேரா சைலன்சர் பைப்புல சொட்டுது. இப்படியே ரோட்டுல ஏத்துனா தீப்பிடிச்சிரும். டேப்பட்டும் டக் டக்குன்னு பயங்கரமா அடிக்குது. இன்ஜின் நல்லா ஆறட்டும், காலையில பிரிப்போம்.”

காலையில் பிரித்தோம். இன்ஜினின் மேல் மூடியைத் தூக்கித் திருப்பினால் ஓரமெல்லாம் சிவப்புப் பசை. போன வருடம் லீவில் நீ பூசியது. மெக்கானிக் வரும்வரை உனக்குப் பொறுக்கவில்லை. எண்ணெய் கசியாமல் இடையில் வைக்கிற பேக்கிங்கைப் புதிதாகப் போடாமல், பழையதன் மேலேயே பசையை அப்பி மூடிவிட்டாய்.

“அக்காவுக்கு எதுலயும் அவசரம்” என்று சிரித்துக்கொண்டே பிளேடை எடுத்த முருகையா, சட்டென்று கையை நிறுத்தினான்.

“அத்தான், இங்கன பாருங்க.”

மூடியின் ஒரு மூலையில் பசையை விரலால் இழுத்து வழித்திருந்தாய். காய்ந்த பசையில் உன் விரல் ரேகை அப்படியே இருந்தது. கடையிலிருந்து லென்ஸை எடுத்துவந்து பார்த்தேன். ஆள்காட்டி விரல்தான். அரிவாள்மனை வெட்டிய தழும்பு ரேகைகளுக்குக் குறுக்கே தெரிந்தது. சாந்தா, அந்த விரலை எத்தனையோ வருடம் பிடித்திருக்கிறேன். ஒரு நாளும் அப்படி உற்றுப் பார்த்ததில்லை.

முருகையா துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தான். “விட்டுருவமா அத்தான்? அப்படியே மூடிருவோம்” என்றான்.

“ஒழுகாதா?”

“ஒழுகும்.”

உன் அம்மா அங்கே உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதை நினைத்துக்கொண்டு நானே பிளேடை வாங்கினேன். அந்தத் துண்டை மட்டும் முழுசாக எடுத்துவிடலாம் என்று ஓரம் ஓரமாக நெம்பிப் பார்த்தேன். கண்ணாடிக் கடையில் இதைவிட மெல்லிய வேலையெல்லாம் செய்தவன்தான். ஆனாலும் அது வரவில்லை. எண்ணெயில் ஊறிப்போன பசை, கையில் தூள் தூளாக உதிர்ந்துவிட்டது. மிச்சத்தையும் நான்தான் சுரண்டினேன். முருகையா தொடவில்லை. நான் செய்தது சரிதானா? உனக்கு வருத்தமா?

புதுப் பேக்கிங் போட்டு மூடுவதற்கு முன்னால் டேப்பட் வேலை. வால்வை அழுத்துகிற ஒவ்வொரு திருகுக்கும் கீழே மெல்லிய தகடு ஒன்றை நுழைத்து இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். “லேசாப் பிடிக்கணும், இழுத்தா வரணும். ரொம்ப இறுக்கிட்டா சத்தம் இருக்காது, ஆனா வால்வு கருகிரும்” என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை என்னிடமே நீட்டினான். “கண்ணாடிக்கு ஸ்குரு போட்ட கை. நீங்களே வைங்க.” அவன் இன்ஜினைக் கையால் திருப்பித் திருப்பிக் கொடுக்க, ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தேன். கடைசித் திருகுக்கு வந்தபோது அவன் மெதுவாகக் கேட்டான்.

“இதை மட்டும் லூசா விட்டுருவமா? அக்கா வண்டி சத்தம் கேட்ட மாதிரி இருக்கும்.”

அவனுக்கும் அது தெரிந்திருக்கிறது. நீ தெருமுனை திரும்பும்போதே அந்த டக் டக் கடைக்குள் கேட்கும். நான் டீ சொல்ல ஆள் அனுப்புவேன். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. இருந்தாலும், “வேண்டாம் முருகையா, சரியா வச்சிருவோம்” என்றேன். மூடி, ஆயில் ஊற்றி, கிளப்பினால் இன்ஜின் பூனை மாதிரிச் சத்தமில்லாமல் ஓடியது. புகை இல்லை, வாடை இல்லை. அடியில் விரித்த அட்டையில் ஒரு சொட்டுகூட விழவில்லை. முருகையா என் தோளைத் தட்டினான். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அன்றைக்குக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, நீ போன பிறகும் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் நிமிர்ந்துகொண்டிருந்தவன், எதற்கும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தச் சத்தம் இனி வராது என்று அப்போதுதான் உறைத்தது.

கொஞ்ச நாள் முருகையாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பழகினேன். பிறகு தனியாக வாசுதேவநல்லூர் போனேன். வழியெல்லாம் பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தே தீர்த்தார்கள். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். வாசலில் வண்டியைப் பார்த்ததும் அத்தை ஒரு நிமிடம் ஓட்டுகிறவர் சீட்டையே பார்த்தார்கள். அதில் நான் இருந்தேன். உள்ளே போய், துண்டும் மாற்றுச் சேலையும் எடுத்துவந்து ஏறிக்கொண்டார்கள்.

ஐந்தருவியில் நல்ல தண்ணீர். பெண்கள் பக்கம் நான் எப்படிப் போக? யாரோ ஒரு பெண்ணிடம் கேட்டேன். “நீங்க நில்லுங்கண்ணே, நான் பாத்துக்கிடுதேன்” என்று அத்தையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். வெகு நேரம் அத்தை வரவில்லை. வந்தபோது உடம்பெல்லாம் நடுங்கியது, கண் சிவந்திருந்தது. சூடாக வடை வாங்கிக் கையில் கொடுத்தேன். அதைப் பிட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்கள்:

“உள்ள நின்னு அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், மாப்ளே. நல்லாச் சத்தமா. வீட்டுல கூப்பிட முடியல, பக்கத்து வீட்டுல என்னமோ ஏதோன்னு ஓடி வந்துருவாவ. இங்கன தண்ணி இரைச்சல்ல யாருக்கும் கேக்கல.”

சாந்தா, உனக்குக் கேட்டதா?

அடுத்த சாரலுக்கும் அத்தையைக் கூட்டிவருவேன். அவர்கள் நடக்க முடிகிற வரைக்கும், ஒவ்வொரு சாரலுக்கும். அவர்கள் அந்தப் பக்கம் தண்ணீரில் நிற்கும்போது நான் கரையில் துண்டோடு நிற்கமாட்டேன். ஆண்கள் பக்கம் போய் அருவிக்குள் தலையைக் கொடுப்பேன். நானும் கூப்பிடுவேன்.

உன் வீட்டுக்காரன்,
சண்முகம்